மருந்து என்று சொன்னவள்

மாரண்டஹள்ளி போகிற பஸ்ஸில் பழைய கொலைப் படம் ஓடியது. நோயாளிக் கிழவரைப் பார்த்துக்கொண்ட பெண்மேல் பழி விழுகிறது. பாலக்கோடு தாண்டியதும் உண்மையான கொலைகாரன் மாட்டினான். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

"இவளுக்குக் கொலைகாரன் கெடச்சுட்டான். எனக்குத்தான் ஒருத்தனும் கெடைக்கலக்கா."

"உன்ன போலீஸே வுட்டுருச்சேடி. நீ பாத்துக்கிட்ட பெரியவரு மாரடைப்புல போனாருன்னு டாக்டரும் சொல்லிட்டாரு."

"சொன்னாரு. ஆனா சொந்தக்காரங்க கேட்டப்ப, 'மருந்து குடுத்தேன், படுத்தாரு, எந்திரிக்கல'ன்னு நான்தானே சொன்னேன்."

"தக்காளிக்கு அடிக்கிறதையும் மருந்துங்கற ஊருடி இது. மருந்து குடுத்தேன்னா வெசம்னுதான் நெனைப்பாங்க. மாத்திரைன்னு சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"இருமலுக்குக் குடுத்த சிரப்ப எப்பிடிக்கா மாத்திரைங்கறது?"

அக்கா சிரித்துவிட்டாள். இவள் சிரிக்கவில்லை.

"அதுக்கப்பறம் ஒரு வூட்லயும் என்னைய வேலைக்குக் கூப்புடல."

"ஊரு நாலு நாளு பேசும், அப்பறம் மறந்துரும். உங்கூட்டுல உன்ன நம்புறாங்கல்ல, அது போதும்."

"நேத்து எங்கம்மாவுக்குக் காய்ச்சல். மாத்திரையும் தண்ணியும் நீட்டுனேன். 'அங்க வெச்சிட்டுப் போ'ன்னுச்சு. நான் அந்தப் பக்கம் போனதும், பக்கத்து வூட்டுக்காரியக் கூப்புட்டுக் காட்டிக் கேட்டுட்டுத்தான் முழுங்குச்சு."

"பெத்தவளேவா?"

"பெத்தவதான்க்கா."