இக்கரை நோவா வில்லா

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் கண் சொக்கும். ஆகையால் உங்கள் விசாரணைக்குச் சீக்கிரம் பதில் சொல்லிவிடுகிறேன், ஐயா.

ஆயர் இல்லத்தில் லத்தீன் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் ஜெபத்தை மனப்பாடம் செய்தவர்கள், அது வேறு. பழைய ஞானஸ்நானப் பதிவுகளில் ஊர்ப் பெயர்கள் லத்தீனில்தான் இருக்கும். அவை இன்றைக்கு எந்தெந்த ஊர் என்று சொல்வது என் வேலை.

என் தங்கையின் கணவன் சாலையோர ஊர்ப் பலகைகளுக்குப் பெயர் எழுதுகிறவன். பெயின்ட் வாடையோடு சாப்பிட உட்காருவான். ஒருநாள் பங்குத்தந்தை விருந்துக்கு வந்திருந்தார். சுற்றுவட்டார ஊர்களின் லத்தீன் பெயர்களை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் சரி மச்சான்," என்றான் அவன். "இந்தப் பேரைச் சொன்னா கண்டக்டர் டிக்கெட் குடுப்பாரா?"

பங்குத்தந்தைக்குப் புரையேறியது. தங்கை கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கோபித்துக்கொள்ள அவன் எனக்குச் சமமா என்ன?

பிறகு ஆற்றின் இரண்டு கரைக்காரர்களுக்கும் சண்டை மூண்டது. அக்கரையில் பிறந்து இங்கே வாழ்ந்தவர்களை எல்லாம் முகாமுக்கு இழுத்துப் போனார்கள். ஊர் அலுவலகங்கள் எரிந்துவிட்டதால் எங்கள் பதிவுகள்தான் மிச்சம். தங்கை கணவனுடையதில் பிறந்த ஊர் 'நோவா வில்லா' என்று இருந்தது. புது ஊர் என்று பொருள். இரண்டு கரையிலும் அந்தப் பெயரில் ஓர் ஊர் உண்டு. எழுதிய குரு எந்தக் கரை என்று குறிக்கவில்லை. சோம்பேறி.

அதிகாரி என்னைக் கேட்டார். அக்கரை என்றேன்.

தங்கை தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "அண்ணா, அவர் இந்தக் கரைன்னு உனக்குத் தெரியாதா? நீதானே அந்த ஊருக்கே போய் விசாரிச்சுட்டு வந்து என்னைக் கட்டிக் குடுத்தே?"

"பதிவுல அப்படி இல்லையேம்மா," என்றேன். நான் சொன்னது பொய் இல்லை. பதிவில் இல்லைதான்.

முகாமில் காய்ச்சல் கண்டு பிணமாகத்தான் திரும்பினான். கல்லறை வாசகத்துக்கு என்னிடமே வந்தார்கள். வேறு யாரிடம் போவார்கள்? பிறந்த ஊரை வெறும் 'நோவா வில்லா' என்று விட எனக்கு மனம் வரவில்லை. இக்கரை என்பதற்கான லத்தீன் சொல்லையும் சேர்த்துச் செதுக்கச் சொன்னேன். அதை யாரோ உங்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். பரவாயில்லை, ஒருவனாவது படித்திருக்கிறான்.

ஆமாம், தெரிந்தேதான் அக்கரை என்றேன். அதற்காகக் கல்லிலும் பிழையை விட்டுவைக்க முடியுமா, ஐயா? அவன் என் தங்கை புருஷன்.