மந்திரக்காரிக்குச் சோறு

கிள்ளானில் ஏறிய கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே இரட்டைச் சகோதரிகள். ஒருத்தி பல்கலைக்கழக விடுதிக்குப் போகிறாள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத மற்றவள் ரவாங் தொழிற்சாலையில் வேலை கேட்கப் போகிறாள். அவள் கையில் ஒரு மாயாஜாலக் கதைப் புத்தகம்.

“இந்தக் கதையில மந்திரம் தெரிஞ்சவங்கதான் ஒசத்தி. நீ மந்திரக்காரி, நான் சாதா ஆளு லா.”

“போடி! மந்திரக்காரிக்குச் சோறு ஆக்கத் தெரியுமா? குக்கர்ல எவ்ளோ தண்ணின்னு நேத்து யாரு சொல்லித் தந்தா? நீதானே!”

“அளவு மறந்துட்டியா?”

“அரிசிக்கு மேல விரல்ல மொதக் கோடு வரைக்கும்.”

சென்ட்ரல் நிலையத்தில் மந்திரக்காரி இறங்கினாள். கதவு மூடியதும் கண்ணாடிக்கு வெளியே நின்று, சுட்டுவிரலின் முதல் கோட்டைத் தொட்டுக் காட்டினாள். உள்ளே இருந்தவளும் அப்படியே காட்டினாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

போன வாரம் விடுதிக்குப் போன என் மகளிடம், சோறு ஆக்கத் தெரியுமா என்று நான் கேட்கவே இல்லை.