பேகத்தின் காதுக்குப் பஞ்சு

மெகருன்னிசா: கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஃபரீத் அண்ணே. இந்தச் சரவெடியக் கொளுத்திப் பாத்துருவோம்.

ஃபரீத்: இப்பவேவா? டீ ஆறுதே, மொதல்ல குடிங்க தங்கச்சி.

மெகருன்னிசா: இது மூணாவது டீ. சிவகாசிலருந்து ஆமத்தூருக்குக் குதிரை பாக்க வந்தேன், டீ குடிக்க வரல.

ஃபரீத்: பேகம் இப்பத்தான் புல்லுல வாய வச்சா. தின்னும்போது எதுக்கு...

மெகருன்னிசா: என் தம்பி தவுபிக்கு நிக்காஹ் ஊர்வலம். வீட்டுலருந்து மண்டபம் வரைக்கும் பத்தாயிரம் வாலா போடணும்னு சொந்தக்காரங்க நிக்கிறாக. ஒங்க பேகம் மெரண்டா மாப்பிள்ளை மாலையோட சாக்கடைல கெடப்பான்.

ஃபரீத்: பேகம் மெரள மாட்டா.

மெகருன்னிசா: வாயால சொன்னாப் போதுமா? பட்டாசுக் கம்பெனிக்கு முப்பது வருசமா லேபிள் அடிக்கிறவரு எங்க அத்தா. வெடிச்சுப் பாத்துட்டு ஆர்டர் குடுன்னுட்டாரு.

ஃபரீத்: இங்கன அம்புட்டும் வைக்கோலு. இன்னொரு நாளைக்கு...

மெகருன்னிசா: அப்ப அந்த வேப்பமரத்துக்குப் போவோம். அவளக் கூட்டியாங்க.

ஃபரீத்: இழுத்தா வர மாட்டா. முதுகக் காட்டிட்டு சும்மா நிக்கணும். தானா வந்து தோள்ல மூஞ்சிய வைப்பா.

மெகருன்னிசா: எம்புட்டு நேரம் நிக்கணும்?

ஃபரீத்: அவளுக்குத் தோணுற வரைக்கும்.

மெகருன்னிசா: அந்தப் பொறுமை எங்க வீட்டுல ஒருத்தருக்கும் கிடையாது.

ஃபரீத்: எனக்கும் இல்லதான். ரெண்டு வருசமா இவகிட்டப் படிச்சது.

மெகருன்னிசா: வேற என்ன படிச்சீக?

ஃபரீத்: பயந்தா ஒளிக்க மாட்டா. காது நிமிரும், ஒடம்ப ஒரு உதறு உதறுவா. மறுநிமிசம் புல்லு தின்னப் போயிருவா. பயத்தக் கூடவே வச்சுட்டுத் திரிய மாட்டா.

மெகருன்னிசா: இதையும் படிச்சு முடிச்சிட்டீகளா?

ஃபரீத்: அது இன்னும் மண்டைல ஏறல.

மெகருன்னிசா: இந்தா, வந்துட்டாளே... நெசமாவே என் தோள்ல சாயுறா. கயித்தப் புடிச்சுக்கங்க, கொளுத்துறேன்.

ஃபரீத்: ஒரு நிமிசம்.

மெகருன்னிசா: சட்டைப் பையில என்ன தேடுறீக?

ஃபரீத்: பஞ்சு. காதுல வைக்க.

மெகருன்னிசா: குதிரைக் காதுக்கு இந்தத் துணுக்கு எந்த மூலைக்கு? ஆமா... பஞ்ச ஏன் ரெண்டு தடவ கீழ போட்டீக?

ஃபரீத்: காலைல சாப்பிடல. அதான்.

மெகருன்னிசா: நான் வந்தப்ப தட்டுல நாலு இட்லி இருந்துச்சு. இப்பத் தட்டு காலி. சரி. நான் அங்கிட்டுத் திரும்பி நிக்கிறேன்.

ஃபரீத்: எதுக்கு?

மெகருன்னிசா: ...

ஃபரீத்: என்ன தங்கச்சி, பேசாம நிக்கிறீக?

மெகருன்னிசா: ...

ஃபரீத்: பஞ்சு பேகத்துக்கு இல்ல. எனக்கு.

மெகருன்னிசா: ம்.

ஃபரீத்: அச்சங்குளத்துல ஒரு கம்பெனில போர்மேனா இருந்தேன். வெடிமருந்து செட்டு வெடிச்ச அன்னைக்கு வெளிய லோடு ஏத்திட்டிருந்தேன். ஒடம்புல பெரிய காயமில்ல. ஆனா இப்ப ஒரு ஓலைவெடி கேட்டாலும் காலு நிக்காது. இவ அசையாம நிப்பா. நான்தான் இவ கழுத்தக் கட்டிக்கிட்டு நிப்பேன். வெக்கமா இருக்கு. இது எனக்கு மொத கல்யாண ஆர்டர். சொன்னாப் போயிருமேன்னு மறைச்சுட்டேன். வேற ஆளப் பாத்துக்கங்க.

மெகருன்னிசா: வேற ஆளு வேணாம். ஊர்வலம் வெடி இல்லாம தப்ஸ் கொட்டோட போகும். நீங்களும் பேகமும் ஆமத்தூர் வந்து சேந்துட்டோம்னு போன் போட்ட பெறகுதான் சரவெடி. அத்தா முந்தாநாளே சரின்னுட்டாரு.

ஃபரீத்: முந்தாநாளேயா? அப்ப ஒங்களுக்கு முன்னாடியே...

மெகருன்னிசா: எரியிற செட்டுக்குள்ள ஓடி ஒரு பிள்ளையத் தூக்கிட்டு வந்தீகளே, பாண்டிலட்சுமி. இப்ப எங்க லேபிள் கடைலதான் இருக்கா. ஒங்க பேரச் சொன்னதே அவதான்.

ஃபரீத்: நல்லா இருக்காளா?

மெகருன்னிசா: நல்லா இருக்கா. அந்தக் கதைய மட்டும் நீங்க சொல்லவே இல்ல பாருங்க.

ஃபரீத்: அத விடுங்க. எல்லாந் தெரிஞ்சும் சரத்தத் தூக்கிட்டு வந்து என்னைய இந்தப் பாடு படுத்தணுமா?

மெகருன்னிசா: வழியில எவனாவது ஒரு வெடி போட்டா, பேகத்தோட அந்தப் பக்கக் கயித்த நாங்க புடிக்கணும்ல, அதுக்கு ஒங்க பயத்த நீங்களே சொல்லணும். நான் கேட்டு இழுத்திருந்தா வந்திருப்பீகளா? தீப்பெட்டியத் தொறந்து பாருங்கண்ணே. ஒத்தக் குச்சி கிடையாது.