மூன்றாம் முகாம், காலை பத்து மணி

— அந்தப் பொண்ணு விழுந்து முப்பத்தொரு மணி நேரம் ஆச்சு, மிரான் அக்கா. பியோ மாமா கழுத்துல இருந்த அடையாள அட்டையைப் பிடுங்க ஒரு நிமிஷம் போதுமானதா இருந்துச்சு. டாக்டர் பெக்கை ஒரு கேள்வி கேக்க முப்பத்தொரு மணி நேரம் போதலையா?

— முதல்ல பூட்ஸைத் தட்டிட்டு உள்ள வா, கராம். கூடாரம் பூரா பனியைக் கொட்டாத.

— உள்ள வரல. பதில் சொல்லுங்க. எங்களை வேலைக்குப் போட்டது நீங்கதானே?

— இங்க பாரு, மருத்துவக் குழுவுல நூத்தியிருபது தொண்டர் இருக்காங்க. அத்தனை பேரும் வாசல்ல நின்னு கத்தினா நான் என்ன பண்றது? கதவை மூடு. ஹீட்டர் சூடெல்லாம் வெளிய போகுது.

— ஹீட்டரா? மூணாவது முகாமுக்கு ஒண்ணு கேட்டு நாலு நாள் ஆச்சு. மைனஸ் பதினெட்டு! ஊசி மருந்து உறையாம இருக்க சட்டைக்குள்ள வயித்தோட கட்டி வச்சிருந்தேன். எங்களுக்கெல்லாம் குளிராது. டாக்டருக்கு மட்டும்தான் கால் குளிரும். விளம்பரக் கம்பெனிக்காரங்க கூடாரத்துல அடுப்பு இருக்கே, நேரா அங்க இறங்கிட்டாரு.

— கழிப்பறைக்குப் போனேன்னு சொல்றாரு.

— ஆமா, கழிப்பறையில மீன் கேக் சூப் ஊத்துறாங்க! திரும்பி வரும்போது வாயெல்லாம் வெங்காயத்தாள் வாசனை, அக்கா. ஜாக்கெட்டுல வேற வழிஞ்சிருந்துச்சு.

— சிரிக்க வைக்காத. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அறிக்கை போகணும். உக்காரு. நடந்ததை வரிசையா சொல்லு.

— நேத்து காலையில ஒன்பது முப்பத்தஞ்சுக்கு டாக்டர் போனாரு. பத்து மணிக்குப் பனிச்சறுக்குப் போட்டி ஆரம்பிச்சாங்க. பத்து பதினெட்டுக்குப் பதினாலாம் நம்பர் பொண்ணு வந்தா. வளைவுல ஒரு பக்கத்து ஸ்கீ கழண்டு, நேரா வலையில போய் அடிச்சா. நாங்க ஓடிப் போய்ப் பாத்தப்ப பேச்சு மூச்சு இல்ல. வாய்க்குள்ள ரத்தமும் வாந்தியும். டாக்டரைக் கூப்பிட்டேன். மூணு தடவை கூப்பிட்டேன். பதிலே இல்ல.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, வேடிக்கையா பாக்கறது? நான் தலையையும் கழுத்தையும் அசையாம பிடிச்சுக்கிட்டேன். பியோ மாமா உடம்பை ஒரே கட்டையா திருப்பினாரு. அவ மூச்சு விட்டா. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. டாக்டர் வந்தது பத்து முப்பத்திரெண்டுக்கு. வந்ததும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? ‘யாரைக் கேட்டுத் தொட்டீங்க?’

— ம்.

— என்ன ம்? முப்பது வருஷம் சொராக் மலையில பிணத்தையும் உயிரையும் முதுகுல சுமந்து இறக்கினவரு அவரு. அவருக்குத் திருப்பத் தெரியாதா? இன்னைக்குக் காலையில சாப்பாட்டு வரிசையில, எல்லார் முன்னாடியும், பள்ளிக்கூடத்துப் பையன்கிட்ட கேக்கற மாதிரி அட்டையைக் கேட்டு வாங்கியிருக்காங்க. அவரு ஒரு வார்த்தை பேசாம கழட்டிக் குடுத்துட்டு, தட்டைக் கழுவி வச்சுட்டுப் போயிருக்காரு. நான் இருந்திருந்தா அந்தத் தட்டாலயே அடிச்சிருப்பேன்.

— யாரை?

— யாரையாவது! அந்தப் பொண்ணு காலை அசைக்கலைன்னு சொல்றாங்க. அதுக்கு ஒரு ஆள் வேணும். டாக்டர் மேல கை வைக்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்காரரு. கிழவன் மேல போட்டா யாரு கேக்கப் போறா?

— கராம், மூச்சு விடு. காபி வேணுமா? ரெண்டு பொட்டலம் இருக்கு.

— உங்க காபி எனக்கு வேண்டாம்.

— சரி, வேண்டாம். நான் சொல்றதைக் கேளு. மத்தியானம் கங்நங் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு. அந்தப் பொண்ணு ரெண்டு காலையும் அசைக்கிறா. கழுத்துல ஒண்ணும் இல்ல. அப்பவே திருப்பாம விட்டிருந்தா மூச்சு அடைச்சே போயிருப்பான்னு பெரிய டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு.

— நிஜமாவா?

— நிஜமா. அழாத. கண்ணுல இருக்கற தண்ணி வெளிய போனா உறைஞ்சுடும்.

— அப்ப... அப்ப அட்டையைத் திருப்பிக் குடுங்க! இன்னும் என்ன? இப்பவே கூப்பிட்டுக் குடுங்க!

— அந்தப் பொண்ணைத் திருப்பினதுக்காக அட்டையை வாங்கல.

— பின்ன?

— போட்டி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மேலேர்ந்து ஒவ்வொரு முகாமையும் ரேடியோவுல கேக்கறாங்கல்ல, டாக்டர் இருக்காரா, தயாரான்னு? காத்துல பேச்சு கேக்காதுன்னு பட்டனை ரெண்டு தட்டு தட்டச் சொல்லியிருக்கோம். ஒரு முகாம் தட்டலைன்னாலும் போட்டி ஆரம்பிக்காது. மூணாவது முகாம் பத்து மணிக்கு ரெண்டு தட்டு தட்டியிருக்கு. பதிவுல இருக்கு.

— அதெல்லாம் பதிவாகுமா?

— டாக்டர் இல்லாமலே. அங்கதான் வந்து நிக்குது, கராம். டாக்டருக்கு என்ன தண்டனையோ, அதை மேல இருக்கறவங்க பாத்துப்பாங்க. ஆனா அந்த ரெண்டு தட்டு இல்லைன்னா அந்தப் பொண்ணு மலையில இறங்கியே இருக்க மாட்டா.

— டாக்டர்தான் சொல்லிட்டுப் போனாரு. ‘கேட்டாங்கன்னா தட்டிடுங்க, டிவிக்காரன் கத்துவான், நான் அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்’னு.

— சொல்லியிருப்பாரு. இல்லைங்கறாரு. அவரு சொன்னதுக்குப் பதிவு இல்ல, தட்டினதுக்குத்தான் பதிவு இருக்கு. யாரு தட்டினதுன்னு நேத்து சாயங்காலமே பியோ அண்ணன்கிட்ட கேட்டேன். அவரு யோசிக்கவே இல்ல. நான்தான்னாரு. எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டாரு. இந்தா.

— இது அவரு எழுதினதா?

— அவரு கையெழுத்துதான். கோழி கிறுக்கின மாதிரி இருக்கு பாரு. கீழ சாட்சிக்கு ஒரு இடம் இருக்கு. அந்த முகாம்ல இருந்தது நீங்க மூணு பேருதான். நீ போட்டா முடிஞ்சுடும்.

— அவரு வேற ஏதாவது சொன்னாரா?

— ‘எனக்கு அறுபத்துமூணு, இனிமே எந்த அட்டையும் தேவையில்ல’ன்னாரு. அப்புறம், ‘சின்னப் பொண்ணுக்கு மார்ச்ல தீயணைப்புத் துறை நேர்முகம் இருக்கு, அதைப் போட்டு அலைக்கழிக்காதீங்க’ன்னாரு. ஏன் உன் பேச்சை எடுத்தாருன்னு நான் கேக்கல.

— ஏன் கேக்கல?

— இங்க பாரு, இருபத்திரெண்டு வருஷமா தொண்டர்களை மேய்க்கறேன். எந்த முகாமா இருந்தாலும் ரேடியோவை வயசுல கடைசி ஆள் தலையிலதான் கட்டுவாங்க. எனக்குத் தெரியாதா? பேனா அங்க இருக்கு. போடறதா இருந்தா போடு. நான் வெளிய போய் வண்டி வந்துடுச்சான்னு பாத்துட்டு வரேன்.

— போகாதீங்க.

— மணி ஆறாகுது, கண்ணு.

— போகாதீங்க, அக்கா. இதுல மாமா பேரை அடிச்சுடுங்க. பத்து மணிக்கு அவரு கீழ வலையைக் கட்டிக்கிட்டு இருந்தாரு, ரெண்டு கையிலயும் கயிறு. டாக்டர் இல்லைன்னு தெரிஞ்சே அந்தப் பட்டனைத் தட்டினது நான்தான்.