கேமராவில் எடுத்த படம்

உங்கள் அறையில் வெளிச்சம் நன்றாக விழுகிறது, இன்ஸ்பெக்டர். இந்த ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்தால் யார் முகமும் யோக்கியன் முகமாகத்தான் வரும்.

நான் கேமராக் கடைக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். கடை என்றால் இப்போது கண்ணாடி அலமாரிக்குள் தூசிதான். வருகிறவர்கள் கேமராவை வாங்கிக் கையில் எடைபார்ப்பார்கள். “ஏன் சார், வாயால சொன்னாலே போன் படம் போட்டுத் தருதே, இது எதுக்கு?” என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். நான் யாரையும் திட்டியதில்லை. பொறுமைசாலி என்று என் மனைவியே சொல்லுவாள்.

அவள் தம்பி பெயர்ப்பலகை மாட்டுகிறவன். கடையைச் செல்போன் உறை விற்கும் கடையாக மாற்றுவதென்று அக்காவும் தம்பியும் பேசி முடித்து, புதுப் பலகையும் செய்துவிட்டார்கள். அதில் ஒரு குடும்பம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. அப்படியொரு குடும்பம் உலகத்தில் எங்கும் கிடையாது. மெஷின் பெற்ற பிள்ளைகள்.

“மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க மாமா. உங்க கேமராவுக்கெல்லாம் எப்பவோ சங்கு ஊதியாச்சு. ஏணிய மட்டும் கெட்டியாப் புடிங்க” என்று சொல்லிவிட்டு இரண்டாம் மாடி உயரத்துக்கு ஏறினான். நல்ல பையன். வாய்தான் கொஞ்சம் நீளம்.

பிடிக்கலாம்தான். ஆனால் கேமராவுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒளிப்படச் சங்கத்தின் போட்டிக்கு அன்றுதான் கடைசி நாள். ‘மெஷினால் முடியாத படம்’ என்று தலைப்பு. தலைவர் மேடையில் அதைப் பற்றிப் பேசிக் கண்கலங்கினார். அந்தப் பேச்சை அவருக்கு மெஷின்தான் எழுதிக் கொடுத்திருந்தது.

நான் நிதானமாக யோசித்தேன். விழுகிறோம் என்று தெரிந்துபோன மனிதனின் முகத்தை எந்த மெஷினாலும் செய்ய முடியாது என்று தோன்றியது. லென்ஸைக் காலையிலேயே துடைத்து வைத்திருந்தேன். “கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்டா, வெளிச்சம் நல்லாருக்கு” என்றேன். சொன்ன பேச்சு கேட்கிறவன், சாய்ந்தான். கை இரண்டும் கேமராவில் இருந்ததால் ஏணியைக் காலால்தான் தள்ள முடிந்தது.

அன்று உங்களிடம் ஏணியைப் பிடித்திருந்தேன் என்றுதான் சொன்னேன். நீங்களும் விபத்து என்று முடித்துவிட்டீர்கள். உங்கள்மேல் எனக்குக் குறையில்லை.

நடுவர்கள்மேல்தான் குறை. ‘மெஷின் செய்த படம், கையில் ஆறு விரல்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். மெஷினுக்குத்தான் விரலை எண்ணிப் போடத் தெரியாதாம். பிறவியிலேயே அவனுக்கு வலது கையில் ஆறு விரல், இன்ஸ்பெக்டர். தினமும் பார்க்கிற கை, அதனால் அது என் கண்ணில் படவேயில்லை.

விரலைத் தெரிந்தவள் ஆயிற்றே என்று மனைவியிடம் காட்டினேன். “செத்துப்போன புள்ளைய வெச்சு மெஷின்ல விளையாடுறீங்களே, நீங்கள்லாம் மனுஷனா?” என்றாள். கேமராவில் எடுத்தது என்று சத்தியம் செய்தேன். “ஏணியப் புடிச்சிட்டு நின்னது நீங்க. அப்புறம் படம் எடுத்தது யாரு?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் நானாக வந்திருக்கிறேன். ஏணியை நான் பிடிக்கவில்லை, தள்ளினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். படம் நான் எடுத்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். கோர்ட்டில் வைக்கும் பிரதியைப் பளபளப்புத் தாளில் போட வேண்டாம், கண்ணில் இருக்கிற பயம் வெளிறிப்போகும். அருமையான படம். அவன் பிழைத்திருந்தால் முதலில் பாராட்டுகிறவன் அவனாகத்தான் இருப்பான்.