பெட்ரோல் குறையாத பைக்

ஆகஸ்ட் 13, புதன்.

இன்று மாலை மெக்கானிக் வகுப்பு இல்லை. அண்ணனின் பைக்கிலிருந்து இரண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினேன். எது முன் சிலிண்டருடையது, எது பின் சிலிண்டருடையது என்று குறித்துவைக்க மறந்துவிட்டேன். முதல் வாரமே சொல்லித் தந்த விஷயம். பிறகு கராஜில் அண்ணன் வேடும் நானும், கடைசியில் அண்ணி ஜோலீனும் பேசியதை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

வேட்: ...அதான் கேக்கறேன், எது எதுன்னு தெரியலைன்னா என்ன அர்த்தம்?

மார்னி: குறிக்க மறந்துட்டேன்னு அர்த்தம்.

வேட்: இவகிட்ட போய் இஞ்சினைத் திறக்கக் குடுத்தேன் பாரு...

மார்னி: கடைக்காரன் செப்டம்பர் ஆகும்னான். நீ என்கிட்ட வந்து கெஞ்சினே.

வேட்: கெஞ்சலை. கேட்டேன்.

மார்னி: பீட்சா வாங்கிக் குடுத்துக் கேட்டே.

வேட்: சரி விடு. பெரிய சிலிண்டர், வால்வைத் திறக்கற புது கேம் ஷாஃப்ட், புது சைலன்சர், எல்லாம் மாட்டி முழுசா மூணு மாசம் ஆகலை. மேடு ஏறினா கடகடங்குது. தகர டப்பாவுல கோலிக்குண்டு உருட்டற மாதிரி. நீ மாட்டினதுல ஏதோ சரியில்லை.

மார்னி: இருக்கலாம்.

வேட்: இருக்கலாமா? சண்டைக்கு வருவேன்னு பாத்தேன்.

மார்னி: எனக்கே சந்தேகம்தான். போன வாரம்... நீ வேலைக்குப் போனப்புறம் வந்து கேம் மூடியைத் திறந்து பாத்தேன்.

வேட்: என்கிட்ட சொல்லாமலா?

மார்னி: சொன்னா கத்துவே. உள்ள எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஒவ்வொரு போல்ட்டா பாத்துட்டு மூடிட்டேன்.

வேட்: அப்போ கண்ணாடியைத் திருப்பினதும் நீதான்!

மார்னி: எந்தக் கண்ணாடி?

வேட்: ரெண்டு பக்கமும். நான் ஏறி உட்கார்ந்தா பின்னாடி வர்ற வண்டி தெரியலை, தார் ரோடு மட்டும் தெரியுது. குள்ளமா யாரோ உட்கார்ந்து திருப்பியிருக்காங்க.

மார்னி: ஊர்ல நான் ஒருத்திதான் குள்ளமா?

வேட்: இந்த கராஜுக்கு சாவி வெச்சிருக்கற, பைக் ஓட்டத் தெரிஞ்ச குள்ளம் நீ ஒருத்திதான். எடுத்து ஓட்டினியா?

மார்னி: இல்லை. மூடியைத் திறந்ததைச் சொன்னவ இதை மறைப்பேனா?

வேட்: சின்னதை ஒத்துக்கறதே பெரிசை மறைக்கத்தான்.

மார்னி: நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும். இந்த பிளக்கைப் பாரு.

வேட்: பிளக் மாதிரி இருக்கு.

மார்னி: வெள்ளைப் பீங்கான்ல பாரு. இந்தா, பூதக்கண்ணாடி.

வேட்: மினுக்குது... மிளகுத்தூள் தூவின மாதிரி. என்னது?

மார்னி: பிஸ்டன்.

வேட்: பிஸ்டனா!

மார்னி: அதோட அலுமினியம். பொடிப்பொடியா உருகித் தெறிச்சிருக்கு. இப்படியே ஓட்டினா பிஸ்டன்ல ஓட்டை விழும். பேர்டூத் கணவாய் மேல, அண்ணி பின்னாடி உட்கார்ந்திருக்கறப்போ கூட விழலாம். இஞ்சின் சுத்தாம இறுகிப் பிடிச்சுக்கிட்டா பின் சக்கரமும் நின்னுடும்.

வேட்: சனிக்கிழமை போயாகணும் மார்னி. பதினாலு வண்டி சேர்ந்து கிளம்பறோம். ஜோ பெட்டியெல்லாம் கட்டி வெச்சுட்டா.

மார்னி: அதனாலதான் கேக்கறேன். உண்மையைச் சொல்லு.

வேட்: என்னத்தைச் சொல்ல?

மார்னி: ரெண்டு பிளக்கும் ஒரே மாதிரி இருக்கு. நான் குறிக்காததுகூட பரவாயில்லைன்னு ஆயிடுச்சு. நான் எங்கயாவது தப்பா மாட்டியிருந்தா ஒரு சிலிண்டர்தான் அடி வாங்கியிருக்கும். ரெண்டும் வாங்கியிருக்கு. அப்போ உள்ள போற பெட்ரோல் சரியில்லை, இல்லைன்னா ஓட்டறது சரியில்லை... அப்படின்னு நினைக்கிறேன்.

வேட்: நினைக்கறியா, தெரியுமா?

மார்னி: நினைக்கிறேன். வகுப்புல கேட்டுட்டு வந்து தெரியும்னு சொல்றேன்.

வேட்: பெட்ரோலைக் குத்தம் சொல்லாதே. தீவனக் கடைக்கு எதிர் பங்க், ஆக்டேன் தொண்ணூத்தொண்ணு, இருக்கறதுலயே விலை கூடினது. வேற எதையும் நான் தொடறதில்லை.

மார்னி: ஒரு தடவைகூட எண்பத்தஞ்சு போடலையே?

வேட்: நீதானே பயமுறுத்தி வெச்சிருக்கே!

மார்னி: பயப்படத்தான் வேணும். காத்து மெலிசான இந்த வயோமிங் மலையில நம்ம பிக்கப் டிரக் அந்த மலிவு பெட்ரோல்ல ஓடிடும். இந்தப் பெரிய இஞ்சின் தாங்காது. சீரா எரியாம தானா வெடிக்கும். அந்தக் கோலிக்குண்டு சத்தம் அதான்.

வேட்: போடலைன்னு சொல்றேனே. போடற வேலையே அதிகம் வர்றதில்லை. நீ மாட்டினதுல ஒரே நல்லது என்ன தெரியுமா? பெட்ரோல் குறையவே மாட்டேங்குது.

மார்னி: என்ன சொன்னே?

வேட்: நல்ல மைலேஜ்னு சொன்னேன். பாராட்டறேன், வாங்கிக்கோ.

மார்னி: பெரிய சிலிண்டர் போட்ட வண்டி குறைவா குடிக்குதா? இதை வகுப்புல சொன்னா என்னை வெளியே அனுப்பிடுவாங்க.

வேட்: சத்தியமா. பாதி டேங்க்ல நிறுத்திட்டுப் போறேன். அடுத்த நாள் பாத்தா முள்ளு முக்காலைத் தொடுது.

மார்னி: நின்ன வண்டியில முள்ளு ஏறுதா?

வேட்: முள்ளு கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்.

மார்னி: நல்ல மைலேஜா, கெட்ட முள்ளா? எதை நினைச்சே?

வேட்: எது மனசுக்கு நல்லா இருந்துச்சோ அதை.

மார்னி: யாரோ எடுக்கறாங்க அண்ணா. எடுத்து ஓட்டிட்டு, தெரியக் கூடாதுன்னு பெட்ரோல் போட்டு வெக்கறாங்க.

வேட்: அதைத்தான் நான் முதல்லேர்ந்து உன்னைப் பாத்துச் சொல்லிட்டிருக்கேன்!

மார்னி: நான் இல்லை! சரி... அது இருக்கட்டும். நீ எந்த கியர்ல மேடு ஏறறே?

வேட்: மேட்டுக்கு ஏத்த கியர்ல.

மார்னி: போன ஞாயிறு உனக்குப் பின்னாடியே பிக்கப்ல வந்தேன். அணைக்கட்டு மேட்டுல வண்டி முக்குது, திணறுது. நீ ஆறாவது கியரைக் குறைக்கவே இல்லை. அப்படித் திணறடிச்சாலும் உள்ள தானா வெடிக்கும்.

வேட்: அதுக்குத்தானே இஞ்சினைப் பெரிசு பண்ணினது?

மார்னி: எதுக்கு?

வேட்: கியர் மாத்தாம ஏறத்தான்.

மார்னி: எல்லாரும் வேகத்துக்குப் பண்ணுவாங்க. நீ கியர் மாத்தாம இருக்கப் பண்ணினியா?

வேட்: ...சோம்பேறின்னு வெச்சுக்கோயேன்.

மார்னி: விடியறதுக்கு முன்னாடி எழுந்து வண்டி துடைக்கறவன் சோம்பேறியா? எங்க, கிளட்சைப் பிடி.

வேட்: எதுக்கு?

மார்னி: இந்த இஞ்சின் பலத்துக்கு வேணும்னு கெட்டி ஸ்பிரிங் போட்டேன்ல, பிடிக்க எப்படி இருக்குன்னு பாக்கணும்.

வேட்: கையில காபி இருக்கு.

மார்னி: காபி வலது கையில. கிளட்ச் இடது பக்கம்.

வேட்: ஜோ! ஏய் ஜோ! இவ என்னை விசாரணை பண்றா, வந்து காப்பாத்து!

ஜோலீன்: கத்தாதே, வந்துட்டேன். சுட்டு வெச்ச ஹக்கிள்பெரிப் பழ பை ஆறிட்டிருக்கு. யார் குத்தம்னு இன்னும் முடிவாகலையா?

மார்னி: அண்ணி, அண்ணன் வேலைக்குப் போனப்புறம் கராஜ் பக்கம் யாராவது வர்றாங்களா? கண்ணாடி திரும்பியிருக்கு, பெட்ரோல் கூடுது.

ஜோலீன்: பெட்ரோல் திருடறவனைக் கேள்விப்பட்டிருக்கேன். ஊத்திட்டுப் போறவன்னா நல்ல மனுஷன், விட்டுடுங்க.

வேட்: சிரிக்காதே ஜோ. பிஸ்டன் உருகுதாம்.

ஜோலீன்: ...உருகுதா?

மார்னி: மலிவு பெட்ரோல் உள்ள போயிருக்கும்னு நினைக்கிறேன்.

ஜோலீன்: மலிவுன்னா... பிக்கப்புக்குப் போடறோமே, அதா?

மார்னி: அதேதான்.

ஜோலீன்: ஊரே அதைத்தானே போடுது. பங்க்ல போய் நின்னா கை தானா அந்தக் குழாயைத்தானே எடுக்கும்...

வேட்: யாரோட கை?

ஜோலீன்: பை ஆறுது.

வேட்: ஜோ. யாரோட கை?

ஜோலீன்: ...கண்ணாடியைப் பழையபடி வெச்சுட்டேன்னு நினைச்சேன்.

வேட்: நீயா! பதினெட்டு வருஷமா பின்னாடி உட்கார்ந்து வர்றவ!

மார்னி: அண்ணி, உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?

ஜோலீன்: நாப்பது பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் பனியில ஸ்கூல் பஸ் ஓட்டறேன். இதுல நாலு சக்கரம் குறைவு, அவ்வளவுதான். லீவு விட்டதுலேர்ந்து, இவன் ஷிஃப்டுக்குப் போனதும் எடுப்பேன். முதல்ல கண்காட்சி மைதானத்தைச் சுத்தினேன். இப்போ ஏரி வரைக்கும் போயிட்டு வரேன். லைசென்ஸ் வாங்கிட்டேன்.

வேட்: என்கிட்ட மறைச்சு! கேட்டிருந்தா நானே கத்துக் குடுத்திருப்பேனே!

ஜோலீன்: கேட்டா ஏன்னு கேட்டிருப்பே.

வேட்: இப்போ கேக்கறேன். ஏன்?

ஜோலீன்: காபியைக் கீழ வெச்சுட்டு கிளட்சைப் பிடி. இவ சொன்னது உள்ள கேட்டுச்சு.

வேட்: காபியைக் குடிச்சு முடிச்சுக்கறேன்.

மார்னி: அண்ணா?

ஜோலீன்: அவனால முடியாது மார்னி. குவாரியில டிரில்லைப் பிடிச்சுப் பிடிச்சு இடது கை மரத்துப்போகுது. போன பனிக்காலத்துலேர்ந்து. நான் தூங்கறேன்னு நினைச்சுக் கையை உதறிட்டு உட்கார்ந்திருப்பான். சட்டை பட்டனை ஒரே கையால போடறான். பின்னாடி உட்கார்றவளுக்கு முன்னாடி இருக்கறவன் கை தெரியாதா? கணவாய் மேல அது வேலை செய்யலைன்னா வண்டியைக் கீழ இறக்க யாராவது வேணுமே.

மார்னி: நான் வேற கெட்டி ஸ்பிரிங்கைப் போட்டுக் குடுத்து...

ஜோலீன்: உனக்கெப்படித் தெரியும்? வாயைத் திறந்தாத்தானே.

மார்னி: அண்ணி சொல்றது நிஜமா?

வேட்: ...சொன்னா குவாரியில டிரில்லைப் பிடுங்கிடுவாங்க. வீட்ல சாவியைப் பிடுங்கிடுவீங்க. இஞ்சினைப் பெரிசு பண்ணிட்டா கிளட்சைத் தொடாமலே மலை ஏறிடலாம்னு பாத்தேன், ஸ்பிரிங்கும் சேர்ந்து கெட்டியாகும்னு யாருக்குத் தெரியும்? உன் வேலையில குத்தமில்லை மார்னி, எனக்கு அது முன்னாடியே தெரியும். சனிக்கிழமை மத்த வண்டிக்காரங்க போகட்டும், நாங்க வரலை. நாளைக்கு நீ முதல்ல டேங்க்கைக் காலி பண்ணு, அப்புறம் சிலிண்டரைக் கழட்டி பிஸ்டனைப் பாரு. நான் லீவு சொல்லிட்டு டாக்டர்கிட்ட கையைக் காட்டிட்டு வரேன்... அங்க போக பிக்கப்பை ஜோ ஓட்டட்டும்.