துருக்கிக்காரன் கடைக் கறி

துருக்கிக்காரன் சுடுகிற ரொட்டி நம் முறம் அளவுக்கு இருக்கும் ஐயா. அதன்மேல் கம்பியில் வாட்டிய கறியை வைத்து, சுட்ட வெங்காயத்தையும் போட்டுத் தருவான். அவ்வளவு ருசியான சாப்பாட்டை அதற்கு முன்னும் பின்னும் நான் சாப்பிட்டதில்லை.

சென்றாயன் காய்ச்சலில் செத்தான் என்று எழுதிக்கொண்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அது சரிதான். ஆனாலும் இவ்வளவு தூரம் மலை ஏறி வந்தவரிடம் மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெர்மன் சண்டைக்குக் கோவேறு கழுதை ஓட்ட எங்கள் ஊரிலிருந்து போனவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பிறத்தியார் சமைத்ததைத் தின்றவனை எங்கள் ஊர் சேர்த்துக்கொள்ளாது. அதனால் பாக்தாதில் இரண்டு வருஷமும் நாங்களே பொங்கித் தின்றோம். பொங்குவது சென்றாயன் வேலை. எனக்கு உடம்பு சுட்டபோது கஞ்சியை ஊதி ஊதிக் குடிக்க வைத்தவனும் அவன்தான்.

ஊர் திரும்பப் பத்து நாள் இருக்கையில், ஆற்றங்கரையில் இருந்த துருக்கிக்காரன் கடைக்கு அவனைக் கூட்டிப்போனேன். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"வேண்டாம்டா செங்கோடா. ஊர்ல கேப்பாங்க."

"கேட்டா எனக்காக நீ சொல்லு, உனக்காக நான் சொல்றேன்," என்றேன்.

என்ன கறி என்று கையைக் காட்டிக் கேட்டோம். கடைக்காரன் ஆடு மாதிரி கத்திக் காட்டினான். சென்றாயன் சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறியது. நான்தான் அவன் தலையில் தட்டிவிட்டேன்.

ஊர் வந்ததும் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். வெளியே போய்வந்தவன் தனக்காகப் பேசக் கூடாது, உடன் போனவன்தான் சாட்சி. முதலில் சென்றாயனைக் கேட்டார்கள். எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, "செங்கோடன் வெளிச்சோறு தொடலீங்க," என்று சத்தியம் செய்தான்.

பிறகு என் முறை. நானும் சூடத்தை அணைத்தேன்.

"தின்னானுங்க. துருக்கிக்காரன் கடையில கறி தின்னானுங்க."

என்ன கறி என்று ஊர்க்கவுண்டர் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாடு என்று அவர்களாகவே முடிவு கட்டினார்கள். நான் சொல்லவில்லை. செங்கோடனும்தான் தின்றான் என்று சென்றாயன் சொல்லியிருக்கலாம். செய்த சத்தியத்தை மாற்ற அவனுக்கு வாய் வரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நெருப்போ தண்ணீரோ யாரும் கொடுக்கக் கூடாது என்று அவனைத் தள்ளிவைத்தார்கள். காட்டோரம் குடிசை போட்டுக்கொண்டான். ஐப்பசி அடைமழையில் காய்ச்சல் கண்டது. போன வாரம் ஒரு சாயங்காலம், கையில் உடைந்த சட்டியோடு என் வேலிக்கு வெளியே வந்து நின்றான்.

"ரெண்டு கங்கு குடு செங்கோடா. குளுரு தாங்கல."

அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஊர்க் கட்டுப்பாட்டை நான் மீறலாமா என்று படலைச் சாத்தினேன். அடுப்படியிலிருந்து கண்ணாயி பார்த்தாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

கண்ணாயி என் பெண்டாட்டி. சின்ன வயசிலிருந்தே எனக்கென்று நான் நினைத்திருந்த மாமன் மகள். அவளைச் சென்றாயனுக்குப் பேசி முடித்துவிட்டதாக, என் அப்பன் முள்ளுக்குறிச்சியில் ஆள் வைத்து எழுதிப் போட்ட கடிதம் பாக்தாதில் என் கைக்கு வந்தது. சிப்பாய் ஒருவன் படித்துச் சொன்னான். சென்றாயனிடம் நான் மூச்சு விடவில்லை. மறுநாள்தான் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அந்தக் கறியில் முதல் வாய் தின்றவன் நான். நான் தின்றதைப் பார்த்துத்தான் அவன் கையை வைத்தான். அதை நினைத்தால் நெஞ்சு அறுக்கிறது. ஆனால் கோயில் முன்னால் நான் ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை. அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் சென்றாயன் ஒருத்தன்தான். அதையும் எனக்காகச் செய்தான்.